தனியாகப் பயணம் போகிறவருக்கு நண்பர்கள் எங்கே கிடைக்கிறார்கள்?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்ட மாதிரி முதலில் சொல்லிவிடுகிறேன். போன டிசம்பரில் தனியாக ஹம்பிக்குப் போனீர்கள். நான்கு நாள் கோயில்களைச் சுற்றினீர்கள், துங்கபத்திரையில் பரிசல் ஏறினீர்கள், ஆனால் லாட்ஜ்காரர், ஆட்டோக்காரர் தவிர யாரிடமும் நாலு வார்த்தை பேசாமல் திருநெல்வேலிக்குத் திரும்பிவிட்டீர்கள். வருகிற செப்டம்பரில் ஒன்பது நாள் லீவு போட்டு ஹிமாச்சல் மலைகளில் உள்ள ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் போகிறீர்கள். ஹிந்தி வராது. தானாகப் போய்ப் பேசுகிற சுபாவமும் இல்லை. "தனியாகப் போகிற பெண்கள் எல்லாரும் கை நிறைய நண்பர்களோடு திரும்புகிறார்களே, அது எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு அடியில் இன்னொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது: என்னிடம்தான் ஏதாவது குறையோ என்பது. அதற்கு உடனே பதில் சொல்கிறேன். உங்களிடம் குறை இல்லை. நீங்கள் இணைத்திருக்கும் பயணத் திட்டத்தைப் பார்த்தேன். குறை அதில் இருக்கிறது. அது அரை மணி நேரத்தில் சரிசெய்யக்கூடியது.

2014 முதல் 2019 வரை ஆறு கோடைக்காலம் ஸ்பிதியின் முக்கிய ஊரான காசாவில் ஒரு ஹாஸ்டலைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருந்தேன். ஹாஸ்டல் என்றால் மாணவர் விடுதி இல்லை. ஒரே அறையில் ஆறு, எட்டுக் கட்டில் போட்டு, கட்டிலுக்கு இவ்வளவு என்று வாங்குகிற பயணிகள் விடுதி. மொத்தம் பதினெட்டுக் கட்டில். மே கடைசியில் போவேன். அக்டோபரில் பூட்டிவிட்டுத் தஞ்சாவூருக்கு இறங்குவேன். வருகிறவர்களின் பெயரைப் பதிவேட்டில் எழுதும் என் மேஜை பொது அறையைப் பார்த்தபடி இருந்தது. வந்த அன்று யார் எந்த மூலையில் உட்கார்ந்தார்கள், கிளம்புகிற அன்று யாரை யார் பஸ் ஏற்றிவிடப் போனார்கள் என்பதையெல்லாம் அங்கிருந்தே பார்ப்பேன். இதில் சொல்லப்போவதில் பெரும்பகுதி அந்த மேஜையிலிருந்து கண்டது.

முதல் சீசனில் நானும் உங்களைப் போலத்தான் நினைத்தேன், கலகலப்பாகப் பேசுகிறவர்களைச் சுற்றித்தான் ஆள் சேரும் என்று. அது ஒரு ராத்திரிக்கு உண்மை. அப்படிப்பட்டவர் வந்த அன்று மாலை அறையே சிரிக்கும். மறுநாள் காலை அவர் பக்கத்தில் 'பின்' என்று பெயர் உள்ள பள்ளத்தாக்குக்கோ மணாலிக்கோ கிளம்பிவிடுவார். இரண்டு நாள் கழித்து யாருக்கும் அவர் பெயர் நினைவிருக்காது. அதே அறையில் வாயே திறக்காமல் புத்தகம் படித்துக்கொண்டிருந்த பெண் மூன்று, நான்கு நாள் தங்குவாள். மூன்றாம் நாள் காலை ஒரு மாற்றம் நடக்கும். புதிதாக வந்தவர்கள் அவளிடம் போய் "வெந்நீர் எங்கே வரும்? லாங்சா கிராமத்துக்கு டாக்ஸி எப்படிப் பிடிப்பது?" என்று கேட்பார்கள். அவள் அங்கே பழைய ஆள் ஆகிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் யாரையும் தேடிப் போய்ப் பேச வேண்டியதே இல்லை. இதை ஆறு சீசனும் பார்த்தேன். ஒரே இடத்தில் தொடர்ந்து கண்ணில் படுகிறவருக்கு நட்பு கிடைக்கிறது. பேச்சுத் திறமை இரண்டாம் பட்சம்தான்.

இரண்டாவது விஷயத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது பச்சைப் பட்டாணி. ஸ்பிதியில் பட்டாணிதான் முக்கியமான பணப்பயிர். ஆகஸ்டில் வயலிலிருந்து மூட்டையாக வரும். ராத்திரிச் சமையலுக்குக் கூடை கூடையாக உரிக்க வேண்டும். 2016-இல் ஈரோட்டிலிருந்து ஒரு பையன் தனியாக வந்திருந்தான். முதல் நாள் முழுக்கக் கட்டிலில் போனைப் பார்த்தபடி இருந்தான். அந்த வருடங்களில் காசாவில் பெரும்பாலும் பி.எஸ்.என்.எல். சிக்னல்தான், அதுவும் விட்டுவிட்டு வரும். எனவே போனில் பார்க்கவும் பெரிதாக ஒன்றும் இல்லை. மறுநாள் மாலை என் மேஜை முன்னால் வந்து நின்று, என் முகத்தைப் பார்க்காமலேயே, "அக்கா, சும்மா உட்கார ஒரு மாதிரியா இருக்கு. ஏதாவது வேலை இருந்தாக் குடுங்க" என்றான். கூடையை அவன் பக்கம் தள்ளினேன். பொது அறை நடுவில் தந்தூர் எரிந்துகொண்டிருந்தது. நம் ஊரில் தந்தூர் என்றால் ரொட்டி சுடும் அடுப்பு; அங்கே வீட்டுக்கு நடுவில் வைக்கும் இரும்புக் கணப்பு. அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்தில் புனேயில் வங்கி வேலையில் இருந்த ஒருவர் கேட்காமலேயே வந்து எதிரில் உட்கார்ந்தார். பிறகு கொல்கத்தாவிலிருந்து வந்திருந்த வயதான தம்பதி. கால் மணி நேரம் யாரும் பேசவில்லை. தோல் உடையும் சத்தம் மட்டும். அந்தப் பெரியவர் ஒரு பட்டாணியைப் பச்சையாக வாயில் போட்டுவிட்டு "மிட்டாய் மாதிரி இருக்கிறதே!" என்றார். எல்லாரும் ஆளுக்கொன்று தின்று பார்த்தார்கள். எங்கள் ஊரில் இதை எப்படிச் சமைப்போம் என்று பேச்சு ஆரம்பித்தது. கூடை தீரும்போது மறுநாள் நால்வரும் ஒரே வண்டியில் போவது என்று முடிவாகியிருந்தது. இரண்டு வருடம் கழித்து அந்தப் புனேக்காரர் ஈரோட்டில் அந்தப் பையனின் கல்யாணத்துக்குப் போய், பந்தியில் இலை போடுகிற படத்தை எனக்கு அனுப்பினார்.

கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. கைக்கு ஒரு வேலை இருந்தால் எதிராளியின் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. பேச்சு நின்றால் தர்மசங்கடமாக இருக்காது, வேலை ஓடிக்கொண்டிருக்கும். பட்டாணிதான் வேண்டும் என்றில்லை. சப்பாத்தி தேய்க்கிற இடம், பாத்திரம் கழுவுகிற இடம், சீட்டு விளையாட்டில் நான்காவது ஆள் குறைகிற மேஜை எல்லாம் ஒன்றுதான்.

சரி, உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். ஷிம்லா, சாங்லா, கல்பா, நாகோ, டாபோ, காசா, சந்திரதால், மணாலி. எட்டு ராத்திரி, எட்டு ஊர். சண்டிகரிலிருந்தே தனி வண்டி, எல்லா இடத்திலும் தனி அறை. இதில் நீங்கள் ஒரு முகத்தை இரண்டாவது தடவை பார்க்க வழியே இல்லை. ஹம்பியிலும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்: பகல் முழுக்க ஆட்டோவில், ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு தனி அறையில். கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் என்பவர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நண்பர் என்ற நிலைக்கு வர ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து இருக்க வேண்டியிருக்கிறது, நண்பர் என்று சொல்லிக்கொள்ள 90, நெருங்கிய நண்பராக 200-க்கும் மேல் என்பது அவர் கணக்கு. இந்த எண்களை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். புது ஊருக்குக் குடிபெயர்ந்த அமெரிக்கர்களையும் அங்கே கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களையும் கேட்டுப் போட்ட கணக்கு அது. பயணத்தில் இருப்பவர்கள் அதைவிடச் சீக்கிரம் நெருங்குகிறார்கள் என்பது என் அனுபவம். அது அனுபவம் மட்டும்தான், அளந்து பார்த்ததில்லை. ஆனால் நேரம் வேண்டும் என்ற அடிப்படை விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரே வண்டியில் பகல், ஒரே மேஜையில் ராத்திரிச் சாப்பாடு என்று இரண்டு நாள் போனாலே இருபது, இருபத்தைந்து மணி நேரம் ஆகிவிடும். ஊருக்கு ஒரு ராத்திரி என்றால் அது யாரோடும் ஆகாது.

நேரம் என்றதும் நம் ரயில்களைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சென்னையிலிருந்து டில்லிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் சுமார் 2,180 கிலோமீட்டர் போகிறது, ஏறக்குறைய 33 மணி நேரம். ஸ்லீப்பர் பெட்டி என்றால் ஒரு பகுதியில் எட்டுப் பெர்த், அதே எட்டு முகம். ஆர்.ஏ.சி. டிக்கெட் என்றால் இன்னும் நெருக்கம். பக்கவாட்டுக் கீழ்ப் பெர்த்தை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். நான் முதல் தடவை வடக்கே போனபோது அப்படி ஒரு ஆர்.ஏ.சி. சீட்டில்தான் போபாலில் இறங்க வேண்டிய ஒரு பள்ளி ஆசிரியையோடு உட்கார்ந்தேன். ராத்திரி காலை நீட்டுவது எப்படி என்று இரண்டு பேரும் கூடிப் பேசித்தான் தீர்க்க வேண்டியிருந்தது: அவர் தலைப்பக்கம், நான் கால்பக்கம், நடுவில் ஒரு போர்வை. இன்றைக்கும் தீபாவளிக்கு முதல் போன் அவரிடமிருந்துதான் வரும். ஒன்பது நாள் லீவில் உங்களுக்கு இதற்கு இடமில்லை. அடுத்த முறை லீவு கூடக் கிடைத்தால் ஒரு வழியாவது ரயிலில் போய்ப் பாருங்கள்.

முதல் வார்த்தையை எப்படி எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். சிகாகோவில் நிக்கோலஸ் எப்ளி, ஜூலியானா ஷ்ரோடர் இருவரும் தினசரி ரயிலில் போகிறவர்களிடம் ஒரு சோதனை செய்து 2014-இல் வெளியிட்டார்கள். பக்கத்தில் இருக்கும் முன்பின் தெரியாதவரிடம் பேசுங்கள் என்று சிலரிடமும், யாரிடமும் பேசாமல் போங்கள் என்று சிலரிடமும் சொன்னார்கள். பேசினால் பயணம் கெட்டுவிடும் என்றுதான் மக்கள் முன்கூட்டி நினைத்தார்கள். பேசியவர்களுக்குத்தான் பயணம் நன்றாக இருந்தது. பின்னர் லண்டன் பக்கத்து ரயில்களிலும் இதேபோல் செய்து பார்த்தார்கள், அதே மாதிரிதான் வந்தது. 2018-இல் வந்த இன்னொரு ஆய்வு, முதல் உரையாடல் முடிந்ததும் எதிராளிக்கு நம்மை எவ்வளவு பிடித்தது என்பதை நாம் குறைவாகவே மதிப்பிடுகிறோம் என்று சொன்னது. கூச்சம் அதிகம் உள்ளவர்களிடம் இந்தத் தவறான மதிப்பீடும் அதிகம். இரண்டையும் நான் நம்புகிறேன். என் மேஜையிலிருந்து பார்த்ததும் அப்படித்தான். "நான் அவர்களுக்குத் தொந்தரவாக இருந்தேனோ அக்கா?" என்று ஒருத்தி தயங்கிக்கொண்டு கேட்பாள், அதே நேரம் அந்த மூன்று பேர் அவளுக்கும் சேர்த்து டீ சொல்லிவிட்டுக் காத்திருப்பார்கள். ஆனால் ஒன்றை ஒன்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்த ரயில் சோதனைகள் சொல்வது ஒரு பயணம் இனிமையாகக் கழிவதைப் பற்றி. அதனால் நட்பு உண்டாகும் என்று அவை சொல்லவில்லை.

ஊர் எது, வேலை என்ன என்று ஆரம்பித்தால் இரண்டே பதிலில் பேச்சு முடிந்துவிடும். கண்முன் இருப்பதைப் பற்றி, ஒரு சின்ன உதவி கேட்டு ஆரம்பிப்பதுதான் நிலைக்கிறது. "நீங்கள் கோமிக் கிராமத்துக்குப் போய் வந்தீர்களா? அங்கே சாப்பிட ஏதாவது கிடைக்குமா?" என்பது போதும். மொழிக்குப் பயப்பட வேண்டாம். ஹாஸ்டலில் தங்குகிறவர்களிடம் நமக்குத் தெரிந்த இங்கிலீஷே போதும். அவர்களில் பாதிப் பேருக்கும் அது இரண்டாம், மூன்றாம் மொழிதான். ஊர்க்காரர்களிடம் "ஜூலே" என்று சொல்லுங்கள். வணக்கத்துக்கு லடாக்கிலும் ஸ்பிதியிலும் அதுதான். ஹிந்தியில் ஒன்றே ஒன்று கற்றுக்கொள்வதானால் "மதத் கரூங்?" என்பதைக் கற்றுக்கொள்ளுங்கள். உதவி செய்யட்டுமா என்று அர்த்தம். சமையலறை வாசலில் நின்று அதைச் சொன்ன யாரையும் அங்கே வேண்டாம் என்று திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை.

காசாவில் நண்பர்கள் கிடைக்கிற இன்னொரு இடம் வரவேற்பு மேஜைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் வெள்ளைப் பலகை. லாங்சா, ஹிக்கிம், கோமிக் போன்ற மேல் கிராமங்களுக்கு டாக்ஸி யூனியன் வண்டிக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்திருக்கும், தலைக்கு இவ்வளவு என்று இல்லை. தனியாகப் போனாலும் முழுத் தொகை, நான்கு பேர் போனால் கால் பங்கு. எனவே "நாளை ஹிக்கிம், 2 பேர் இருக்கிறோம், 2 இடம்" என்று பலகையில் எழுதுவார்கள். உங்கள் பெயரை அடியில் எழுதினால் போதும், ஒரு வார்த்தை பேச வேண்டாம். ஹிக்கிம் சுமார் 4,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே உள்ள தபால் ஆபீஸில் எல்லாரும் கார்டு எழுத உட்கார்ந்துவிடுவார்கள். யாருக்கு எழுதுகிறார்கள் என்று பக்கத்தில் இருப்பவர் சொல்ல ஆரம்பித்தால் அப்புறம் திரும்பி வரும் வழியெல்லாம் அதே பேச்சுதான். தனி வண்டி வைத்துக்கொண்டு போனால் இதெல்லாம் உங்கள் ஜன்னலுக்கு வெளியே நடக்கும்.

பெண்ணாகத் தனியாகப் போவதால் இதையும் சொல்ல வேண்டும். பெண்களுக்கு மட்டுமான டார்ம் (பல கட்டில் போட்ட பகிர்வு அறை) இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். வழியில் பார்த்தவரிடம் எங்கே தங்குகிறோம், எந்த அறை என்று சொல்லாதீர்கள். வீட்டில் ஒருவருக்குத் தினமும் ராத்திரி ஒரு செய்தி போக வேண்டும். சிக்னல் இல்லாத நாள் எது என்பதையும் அவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். புதிதாகப் பழகுகிறவரை எடைபோட நான் பயன்படுத்துகிற ஒரு வழி உண்டு: சின்ன விஷயத்தில் ஒரு "வேண்டாம்" சொல்லிப் பார்ப்பது. "இன்னொரு டீ வேண்டாம்", "இன்று நடக்க வரவில்லை" என்கிற மாதிரி. சரி என்று விட்டுவிடுகிறவரோடு மறுநாள் பயணம் போகலாம். ஏன், எதற்கு என்று நச்சரிக்கிறவர், கோபித்துக்கொள்கிறவர், அவசரப்படுத்துகிறவர் என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மரியாதை பார்க்க வேண்டாம். என் விருந்தாளிகள் பலருக்கு இதைச் சொல்லியிருக்கிறேன். இது எல்லாத் தப்பான ஆளையும் காட்டிக்கொடுத்துவிடும் என்று உறுதி சொல்ல மாட்டேன். நயமாகப் பேசி இரண்டாயிரம் ரூபாய் கடன் வாங்கிக்கொண்டு போன ஒருவரை நானே நம்பியிருக்கிறேன். பணத்தைப் பொறுத்தவரை அன்றன்றைய கணக்கை அன்று ராத்திரியே தீர்த்துவிடுவது நட்புக்கும் நல்லது.

சாப்பிடக் கொடுப்பது நம் ஆட்களுக்குத் தெரிந்த பழக்கம், ஆனால் ரயிலிலும் பஸ்ஸிலும் முன்பின் தெரியாதவர் கொடுப்பதைச் சாப்பிடாதீர்கள் என்று ரயில்வேயே எச்சரிக்கிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் நாலு பாக்கெட் எடுத்துப் போங்கள், பிரிக்காத பாக்கெட்டாக, பொது மேஜையில் எல்லார் முன்னாலும் பிரித்து வையுங்கள். யாராவது எடுக்காவிட்டால் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

திரும்பிய பிறகு இவர்களில் எத்தனை பேர் நிலைப்பார்கள் என்பதில் நான் எந்த வாக்குறுதியும் கொடுக்க மாட்டேன். நான் பார்த்தவரை பெரும்பாலானது பஸ் ஸ்டாண்டோடு முடிகிறது, வாட்ஸ்ஆப் குழு ஒரு மாதத்தில் அடங்கிவிடுகிறது. நிலைத்தவற்றில் ஒரு பொது அம்சம் பார்த்திருக்கிறேன்: ஊர் திரும்பிய முதல் வாரத்திலேயே யாரோ ஒருவர் மற்றவருக்குத் தனியாக, அவர் நன்றாக விழுந்திருக்கும் ஒரு படத்தை அனுப்பியிருப்பார். அந்த ஒருவராக நீங்களே இருங்கள். இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் பார்த்தது இருட்டினால் வெளியே போக இடமில்லாத, குளிர் எல்லாரையும் ஒரே அறைக்குள் தள்ளுகிற ஒரு சின்ன மலை ஊர். கோவா, பெங்களூர் மாதிரி இடங்களுக்கு இது அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். கூட்டமாக நடப்பது உங்களுக்குப் பிடிக்கும் என்று தோன்றினால், இந்திய யூத் ஹாஸ்டல் சங்கம் கோடையில் ஹிமாச்சலின் காசோலிலிருந்து சர் பாஸ் என்ற கணவாய் வரை நடத்துகிற மலையேற்றம் மாதிரியானவற்றில் சேரலாம். அங்கே முன்பின் தெரியாதவர்களோடு பல நாள் ஒன்றாக நடந்தே ஆக வேண்டும்.

இந்தச் செப்டம்பருக்கு என் யோசனை இது. சாங்லா, நாகோ, சந்திரதால் மூன்றிலும் ராத்திரித் தங்குவதை விடுங்கள். தனி வண்டியை ரத்து செய்யுங்கள். முதல் ராத்திரி ஷிம்லா, இரண்டாவது கல்பா. மறுநாள் கல்பாவுக்குப் பக்கத்தில் உள்ள ரெக்காங் பியோவிலிருந்து காசா போகும் அரசு பஸ்ஸில் ஏறி, வழியில் டாபோவில் இறங்கி ஒரு ராத்திரி தங்குங்கள். உயரம் படிப்படியாக ஏறுவது உடம்புக்கு நல்லது. அப்புறம் காசாவில் தொடர்ந்து நான்கு ராத்திரி, டார்மில். எட்டாம் நாள் குன்சும் கணவாய் வழியாக மணாலிக்குப் பகிர்வு வண்டி. சாலை திறந்திருக்கிறதா என்று முந்தின நாள் கேட்டுக்கொள்ளுங்கள். காசா சுமார் 3,700 மீட்டர். போய்ச் சேர்ந்த அன்று எங்கேயும் ஏற வேண்டாம், மது வேண்டாம், நிறையத் தண்ணீர் குடியுங்கள். தலைவலி அதிகமானாலோ வாந்தி வந்தாலோ மறைக்காமல் ஹாஸ்டல்காரரிடம் சொல்லுங்கள். ஊரில் அரசு மருத்துவமனை இருக்கிறது. உடம்பு சரியாக இருந்தால் ஆறு மணிக்கு ஒரு கப் டீயை எடுத்துக்கொண்டு பொது அறைக்குப் போய், சமையலறை வாசல் தெரிகிற பக்கமாக உட்காருங்கள். புத்தகம் இருந்தால் படியுங்கள். எட்டு மணி வரை மட்டும் அறைக்குத் திரும்ப வேண்டாம். மறுநாளும் அதே இடத்தில், அதே நேரத்தில்.